மூன்று மாதப் பயிற்சி யாருக்கு? தலித் படைப்பாளிகளும் தொடர்கல்வியின் அரசியலும்

2025 ஆகஸ்ட் 3ஆம் நாள் திருவனந்தபுரத்தில், கேரள அரசு கூட்டிய திரைப்படக் கொள்கை மாநாட்டின் நிறைவு அமர்வில் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் ஒரு யோசனையை முன்வைத்தார். பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் பெண் இயக்குநர்களுக்கும் கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் படம் ஒன்றுக்கு ரூ.1.5 கோடி வரை ஒதுக்குகிறது. இத்தொகை மிக அதிகம், இது ஊழலுக்கு வழிவிடும் என்றார் அவர். அதை 50 லட்சமாகக் குறைத்து மூவருக்குப் பிரித்துத் தரலாம். பணம் பெறுவோருக்கு வல்லுநர்களைக் கொண்டு குறைந்தது மூன்று மாதத் தீவிரப் பயிற்சி தர வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். அரங்கில் இருந்த பாடகியும் கேரள சங்கீத நாடக அகாதெமியின் துணைத் தலைவருமான புஷ்பவதி பொய்ப்பாடத்து அங்கேயே எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். அமைச்சர் சஜி செறியான் அதே மேடையில் திட்டத்தை ஆதரித்துப் பேசினார்.

அதன் பிறகு நடந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியது: அடூர் பேசியது சாதிய மனநிலையா, இல்லையா? காவல்துறையிடம் புகார் வரை அது சென்றது. அக்கேள்விக்கு இக்கட்டுரை விடை தேடவில்லை. விடை அத்துணைக் கடினமானதும் அன்று. ஆனால் அந்த ஆரவாரத்தில் ‘பயிற்சி’ என்ற சொல் ஆராயப்படாமலே போயிற்று. பயிற்சி வேண்டும் என்று சொல்வதில் என்ன தவறு என்று நடுநிலையாளர் கேட்டனர். எங்களுக்கா பயிற்சி என்று நம்மில் பலர் கொதித்தனர். இரு தரப்புமே பயிற்சி என்பதை ஒரு தகுதித் தேர்வாகவே புரிந்துகொண்டன. ஒரு படைப்பாளி தன் வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருப்பதற்கான உரிமை, அதற்கான காலம், கூலி, ஆசிரியர், இடம் ஆகியவை யாருக்குக் கிடைக்கின்றன, யாருக்கு மறுக்கப்படுகின்றன என்ற கேள்வி எழவே இல்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இவ்விவகாரத்தைப் பார்க்கும்போது நமக்கு முதன்மையாகத் தோன்ற வேண்டியது அதுவே.

முதலில் கேரளத் திட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். அங்கே யாருடைய கையிலும் ரூ.1.5 கோடி இனாமாகத் தரப்படுவதில்லை. விண்ணப்பிப்போரின் திரைக்கதைகள் தேர்வுக் குழுவின் முன் செல்கின்றன; தேர்வாகும் கதைகளைக் கழகமே தயாரிக்கிறது. தயாரிப்பாளர் அரசு நிறுவனம். கணக்கும் அதன் கையில். இவ்வழியாக வந்தவையே தாரா ராமானுஜனின் ‘நிஷித்தோ’, ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரை’, சிவரஞ்சினியின் ‘விக்டோரியா’, வி.எஸ். சனோஜின் ‘அரிகு’ போன்ற படங்கள். ‘விக்டோரியா’வில் நடித்த மீனாட்சி ஜெயன், அடூர் இவ்வாறு பேசுவதற்கு இரு மாதங்களுக்கு முன்புதான் ஷாங்காய் திரைவிழாவின் ஆசியப் புதுத் திறமையாளர் பிரிவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றிருந்தார்.

இனி அடூரின் சொந்த வரலாற்றைப் பார்ப்போம். அவர் 1962இல் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். இந்திய அரசின் உதவித்தொகையில் படித்து முடித்தார். அவருடைய முதல் முழுநீளப் படமான ‘சுயம்வரம்’ 1972இல் வெளிவந்தது. அதற்குத் திரைப்பட நிதிக் கழகம் என்னும் மத்திய அரசு நிறுவனம் ரூ.1.5 லட்சம் கடன் அளித்தது. அது கடன், இது முதலீடு என்ற வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. எனினும் அரசுப் பணத்தில் கல்வி, பின்னர் அரசுப் பணத்தில் முதல் படம் என்ற வரிசை அவருக்குக் கிடைத்தது. அது ஊழலுக்கான வாய்ப்பு என்று அன்று யாரும் பொதுமேடையில் ஐயுறவில்லை. அரசு அவரில் முதலீடு செய்தது சரி. அம்முதலீட்டால் மலையாளத் திரைப்படம் செழித்தது. அதே அரசு அதே வேலையை வேறொரு மக்கள் பிரிவுக்குச் செய்ய முற்படும்போது மட்டும் பயிற்சி என்பது உதவித்தொகையுடன் வரும் வாய்ப்பாக இல்லாமல் பணத்தைப் பெறுவதற்கான நிபந்தனையாக மாறிவிடுகிறது.

அப்படியானால் தலித் மாணவர்கள் முறையாகப் பயிற்சிக் கூடத்துக்கே வந்து சேர்ந்தால் என்ன நடக்கிறது? அதற்கும் கேரளமே சான்று தருகிறது. நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவரின் பெயரைத் தாங்கிய கோட்டயம் கே.ஆர். நாராயணன் தேசியக் காட்சி அறிவியல் மற்றும் கலை நிறுவனத்தில், 2022 டிசம்பர் 5ஆம் நாள் மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சேர்க்கையில் இட ஒதுக்கீடு மீறப்பட்டது, மாணவர்கள் சாதியப் பாகுபாட்டுக்கு ஆளாயினர், நிறுவனத்தின் தூய்மைப் பணியாளர்கள் இயக்குநரின் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டனர் என்பவை அவர்களுடைய குற்றச்சாட்டுகள். போராட்டம் ஏறத்தாழ 50 நாள்கள் நீடித்தது. இயக்குநர் சங்கர் மோகன் 2023 ஜனவரியில் பதவி விலகினார். அவருக்கு ஆதரவாக நின்ற நிறுவனத் தலைவரும் அம்மாத இறுதியில் விலகினார். அத்தலைவர் அடூர் கோபாலகிருஷ்ணன். படிக்க வந்த இடத்தில் ஒதுக்கீடு கேட்டுப் போராட வேண்டியிருந்தவர்களின் தோழர்களிடம்தான், இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், போய்ப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லப்பட்டது.

மலையாளத் திரையின் தொடக்கத்திலேயே இந்தக் கணக்கு பொய்த்துப்போனதை நினைவுகூர வேண்டும். ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ படத்தின் நாயகி பி.கே. ரோஸி, காக்காரிசி நாடகத்தில் தேர்ந்த நடிகை. திரைக்கு வருமுன்பே மேடைப் பயிற்சி பெற்றிருந்த கலைஞர் அவர். நாயர் பெண்ணின் வேடத்தில் ஒரு தலித் பெண் நடித்ததைப் பொறுக்காதவர்கள் அவரை ஊரைவிட்டே விரட்டினர். அவர் நாகர்கோவிலுக்கு வந்து, பெயரையும் கடந்தகாலத்தையும் மறைத்து, தமிழ்நாட்டில் ஒரு குடும்பப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். பயிற்சியின்மை அவருடைய குறையாக இருந்ததே இல்லை.

கற்றவர் யார் என்பதை யார் முடிவுசெய்வது?

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே கலைப்பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்பட்டுவரும் பாடங்கள் ஏழு: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். இப்பட்டியலை ஒருமுறை மெல்லப் படித்துப் பார்க்கலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் இதில் இடம்பெற்றிருக்கிறது. நம் ஒவ்வொரு சேரியிலும் ஒலித்துக்கொண்டிருந்த பறை இல்லை. அண்மை ஆண்டுகளில் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சிகள் தொடங்கப்பட்டு அவற்றில் பறையாட்டமும் சேர்க்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் முழுநேரப் படிப்பு, பகுதிநேரப் பயிற்சி என்ற பிரிவினையே எது கலை, எது பொழுதுபோக்கு என்பதைச் சொல்லிவிடுகிறது. பகுதிநேரப் பயிற்சி ஆசிரியருக்கு நிலையான பணியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

அந்த ஏழு பாடங்களில் மிருதங்கம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். வாசிக்கும் கலைதான் இருக்கிறது. செய்யும் கலை இல்லை. மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் ஆகியவற்றின் தடிமனையும் இழுவையையும் கைவிரலால் அறிந்து, நாதத்தைக் காதால் அளந்து, அந்தக் கருவியை உருவாக்கும் அறிவு பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்களின் கையில் இருந்துவந்தது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துதந்த பர்லாந்து அவர்களுள் ஒருவர். வித்துவான் கேட்ட நாதத்தைத் தேடி ஆண்டுக்கணக்கில் சோதனைகள் செய்தவரை நாம் ஆய்வாளர் என்று அழைப்பதில்லை. டி.எம். கிருஷ்ணா இக்குடும்பங்களைப் பற்றி எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டுக்கு அளித்த அரங்க அனுமதியை 2020 ஜனவரியில் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. கருவியைச் செய்பவரின் பெயர், கருவி ஒலிக்கும் வளாகத்துக்குள் புத்தகமாக நுழைவதற்கும் தடை எழுந்தது என்பதுதான் செய்தி.

ஆகவே தலித் கலைஞர்களுக்குப் பயிற்சி இல்லை என்ற கூற்று, எதைப் பயிற்சி என்று கணக்கில் கொள்கிறோம் என்பதில் தொடங்குகிறது. ஒரு சாதியினரின் வீட்டுக்குள் தலைமுறைகளாகக் கைமாறும் அறிவு ‘குருகுலம்’, ‘பரம்பரை’ என்ற மதிப்பைப் பெறுகிறது. இன்னொரு சாதியினரின் வீட்டுக்குள் அதேபோல் கைமாறும் அறிவு ‘குலத்தொழில்’ ஆகிவிடுகிறது. 2025இல் பத்மஸ்ரீ பெற்ற மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானின் பெயரோடு ஒட்டியிருக்கும் ‘ஆசான்’ என்ற சொல், எந்தப் பல்கலைக்கழகமும் தந்த பட்டம் அன்று. அவரிடம் பறை கற்ற மாணவர்கள் தந்தது.

அனுபவம் மட்டும் போதுமா?

இவ்விடத்தில் நம் தரப்பிலேயே நிலவும் ஒரு கருத்துடன் முரண்பட வேண்டியுள்ளது. தலித் படைப்பாளிக்குப் பயிற்சி தேவையில்லை, பட்ட காயமே போதும், அனுபவமே கலை என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. கைதட்டலும் கிடைக்கிறது. இது மரியாதை போலத் தோன்றும் ஒரு பொறி. அனுபவத்தை மட்டுமே தரக்கூடியவர் என்று ஒரு படைப்பாளியை நிறுத்திவிட்டால், அவர் ஒரே ஒரு புத்தகத்துக்கே உரியவர் ஆகிறார். தன் வரலாற்றைச் சொல்லி முடித்ததும் அவரிடம் கேட்க வேறொன்றும் இல்லை என்று இலக்கிய உலகம் எழுந்து போய்விடுகிறது. வடிவம், மொழி, ஆய்வு, கற்பனை ஆகியவை ஏனையோரின் சொத்தாக எஞ்சுகின்றன.

நம் முன்னோடிகள் யாரும் இவ்வாறு நினைக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது, அது செய்தித்தாளாக மட்டும் இருக்கவில்லை. வாசகரே ஐயம் கேட்டு, விடை பெற்று, பின்னர் தாமும் எழுதத் தொடங்கும் வகுப்பறையாகவும் இருந்தது. 1990களில் சிவகாமியின் பொறுப்பில் வந்த ‘புதிய கோடாங்கி’, புனிதபாண்டியனின் ‘தலித் முரசு’ போன்ற இதழ்களும் அப்படித்தான். ஒரு கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டு, திருத்தி எழுதப்பட்டு, மீண்டும் சென்று அச்சாகும் அந்தப் போக்குவரத்துக்குள் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் உருவாயினர். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ என்னும் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை இறையியல் மாணவர்களுக்குப் பாடமாக்கினார். மதுரையில் நடந்த தலித் கலைவிழாக்கள், ஒரு மாவட்டத்தின் ஆட்டக்காரர் இன்னொரு மாவட்டத்தின் அடவைப் பார்த்துக் கற்கும் இடங்களாகவும் இருந்தன. தொடர்கல்வி என்ற பெயர் அப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

இமையத்தை எடுத்துக்கொள்வோம். தம்மைத் தலித் எழுத்தாளர் என்ற அடைப்புக்குள் வைப்பதை அவர் ஏற்பதில்லை. அது அவருடைய உரிமை. ஆனால் அவர் உருவான விதம் நம் விவாதத்துக்குப் பயன்படும். திருச்சியில் படித்த காலத்தில் பேராசிரியர் எஸ். ஆல்பர்ட்டின் வழிகாட்டுதல் அவருக்குக் கிடைத்தது. முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. பிரதியைச் சொல் சொல்லாகப் பார்க்கும் பதிப்பாசிரியரான க்ரியா ராமகிருஷ்ணன் அங்கே இருந்தார். நல்ல ஆசிரியர் ஒருவர், நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் என இரண்டு மனிதர்கள். இன்று முதல் தொகுப்பைக் கொண்டுவரும் தலித் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இவ்விருவரும் வாய்க்கின்றனர்? பெரும்பாலான பதிப்பகங்களில் மெய்ப்புத் திருத்துவோர் உண்டு, பதிப்பாசிரியர் இல்லை. அச்சுச் செலவை எழுத்தாளரே ஏற்கும் இடங்களில் மெய்ப்புத் திருத்தமும் இல்லை. அரசு, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடி எழுத்தாளர்களின் நூல்களை வெளியிட ஆண்டுதோறும் நிதியுதவி அளிக்கிறது, நல்ல திட்டம். ஆனால் அது எழுதி முடித்த பிரதிக்கு வரும் பணம். எழுதுவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்கு, பிரதியைப் படித்துக் குறை சொல்லும் ஒருவரின் உழைப்புக்கு அதில் இடமில்லை.

திரைத்துறையில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. தமிழ்த் திரையின் உண்மையான பயிற்சிக் கூடம் தரமணியில் இல்லை. இயக்குநரின் அலுவலகத்தில் இருக்கிறது. உதவி இயக்குநர் என்ற பதவிக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. நேர்காணல் கிடையாது, ஒதுக்கீடும் கிடையாது. தெரிந்தவர் ஒருவர் அழைத்துச் செல்ல வேண்டும். சென்ற பின் பேட்டாவில் சில ஆண்டுகள், அதுவும் படப்பிடிப்பு நடந்தால் மட்டும். சென்னையில் சொந்த வீடோ உறவினர் வீடோ இல்லாதவர், சாதி கேட்டு வாடகைக்கு விடும் நகரத்தில் இக்காலத்தைக் கடக்க வேண்டும். மாரி செல்வராஜ் இயக்குநர் ராமிடம் பத்தாண்டுக்கும் மேலாகப் பணியாற்றிய பின்பே 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. அந்தப் படத்தைத் தயாரித்தவர் பா. இரஞ்சித். அவர் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். அரசுக் கட்டணத்தில் கலை கற்பிக்கும், 1850இல் தொடங்கிய நிறுவனம் அது. இந்தச் சங்கிலியில் ஒரு பொதுக் கல்லூரியும் ஒரு நல்ல இயக்குநரும் இருந்தனர். இவ்விரண்டும் வாய்க்காதவர்களின் படங்களை நாம் பார்க்கவே இல்லை. ஆகவே அவர்களைக் கணக்கிடவும் முடிவதில்லை.

நீலம் பண்பாட்டு மையமும் அதைச் சார்ந்த முயற்சிகளும் இந்த இடைவெளியில்தான் பிறந்தன. சென்னையில் உதவி இயக்குநர்கள் உட்கார்ந்து படிக்கவும் விவாதிக்கவும் அமைந்த கூகை நூலகம், ஏப்ரல் மாதத்து வானம் கலைத்திருவிழா, அதில் இடம்பெறும் பி.கே. ரோஸி திரைப்பட விழா ஆகியவற்றைக் கொண்டாட்டமாக மட்டும் பார்ப்பது குறைபாடு. நாகர்கோவிலில் மறைந்து வாழ்ந்தவரின் பெயரால் சென்னையில் திரைவிழா நடக்கும்போது, அங்கே வரும் இளைஞர் படம் பார்க்கிறார். படத்தைப் பிரித்துப் பேசக் கற்கிறார். அடுத்த படத்துக்கான ஒளிப்பதிவாளரையும் சந்திக்கிறார். பிறர் தங்கள் குடும்பக் கூடத்திலும் மன்றங்களிலும் இலவசமாகப் பெறுவதை நாம் நிறுவனம் கட்டிப் பெற வேண்டியிருக்கிறது.

ஒளிப்படக்கலையில் எம். பழனிக்குமார் இன்னொரு சான்று. மதுரையில் மீன் விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்தவர். மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து ஆவணப்படுத்தியவர். 2017இல் வந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2020, 2021 ஆண்டுகளில் கிடைத்த சிறு நல்கைகளும் 2022இல் கிடைத்த தயாநிதா சிங் – பாரி விருதும் அவர் தொடர்ந்து அந்த வேலையைச் செய்ய உதவின. இன்று அவர் தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுத்தருகிறார். எந்த நிபந்தனையும் இல்லாமல், தொடர்ச்சியாக, வேலை செய்துகொண்டிருக்கும்போதே கிடைத்த ஆதரவு அடுத்த தலைமுறைக்கு எப்படி வகுப்பறையாக மாறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வயதும் வயிறும்

அரசின் நடப்புத் திட்டங்களைப் படித்துப் பார்த்தால், அவை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது வயது வரம்பிலேயே தெரிந்துவிடும். தேசியப் புத்தக அறக்கட்டளை வழியாக ஒன்றிய அரசு 2021இல் தொடங்கிய பிஎம்-யுவா திட்டம், இளம் எழுத்தாளர்களுக்கு ஆறு மாதம் மாதந்தோறும் ரூ.50,000 உதவித்தொகையும் வழிகாட்டுநரையும் தருகிறது. எழுதுவதற்கான காலத்துக்கே கூலி தருவதால் இது நாம் கோரும் வடிவத்துக்கு மிக நெருங்கியது. எழுத வேண்டிய பொருளை அரசே தீர்மானிக்கிறது என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், விண்ணப்பிப்போர் 30 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது.

சிவகாமியின் முதல் நாவல் ‘பழையன கழிதலும்’ வெளிவந்தபோது அவர் 30 வயதைக் கடந்திருந்தார். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 34. ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ அவருடைய 52ஆம் வயதில் வந்தது. இவர்களில் ஒருவரும் அந்த வரம்புக்குள் வரமாட்டார். காரணம் சோம்பல் அன்று. முதல் தலைமுறைப் பட்டதாரி முதலில் வேலைக்குச் செல்ல வேண்டும். தம்பி தங்கையைப் படிக்கவைக்க வேண்டும். குடும்பக் கடனை அடைக்க வேண்டும். அதன் பிறகே தன் மேசைக்கு வருகிறார். சாதி ஒருவருடைய இளமையை எடுத்துக்கொள்கிறது. பின்னர் அரசின் படிவம் உன் இளமை எங்கே என்று கேட்கிறது. இசைப்பள்ளிகளின் சேர்க்கை வயதும் 12 முதல் 25 வரைதான். 40 வயதில் தன் ஊர்ப் பாட்டின் சுரத்தை எழுத்தில் குறிக்கக் கற்க விரும்பும் ஒரு பறைக் கலைஞருக்கு அங்கே இருக்கை இல்லை.

ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளநிலை, முதுநிலை நல்கைகளில் வயது தடையாக இல்லை. 25 முதல் 40 வரை இளநிலை, அதற்கு மேல் முதுநிலை. இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் முறையே ரூ.10,000, ரூ.20,000. சென்னையில் ஓர் அறைக்கும் மூன்று வேளை உணவுக்கும் பத்தாயிரம் போதுமா என்பதை வாசகரே கணக்கிடலாம். வேறு வருமானம் உள்ளவருக்கு அது கூடுதல் தொகை. தினக்கூலியை விட்டுவிட்டு வர வேண்டியவருக்கு அது இழப்பு.

இழக்கும் கூலிக்கு ஈடு தராத எந்தப் பயிற்சியும் உழைக்கும் சாதிகளைச் சேர்ந்த கலைஞருக்குப் பயிற்சியே ஆகாது. அடூர் சொன்ன மூன்று மாதத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த மூன்று மாதம் அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்று அவரும் சொல்லவில்லை, அவரை ஆதரித்தவர்களும் கேட்கவில்லை. மாறாக, படத்துக்கான பணத்தைத் தந்து, அதோடு தனியாக உதவித்தொகையும் தந்து, விரும்புவோர் விரும்பும் துறையில் கற்க வாய்ப்பளித்தால் அதை மறுக்கும் இளம் இயக்குநர் ஒருவரையும் காண முடியாது. ஒலி வடிவமைப்பு, படத்தொகுப்பு, வரவு செலவுத் திட்டம், பதிப்புரிமைச் சட்டம் என்று கற்க வேண்டியவை ஏராளம். குறிப்பாகக் கடைசி இரண்டு. ஒப்பந்தத்தின் நுண்ணெழுத்தைப் படிக்கத் தெரியாததால் பாடலையும் கதையையும் இழந்தவர்களின் கதைகள் நம் வட்டங்களில் ஏராளமாக உலவுகின்றன.

தமிழ்நாட்டில் இதற்கான நிதி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே இடம் உள்ளது. 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றிய பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம், மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்குவதைச் சட்டக் கடமையாக்கியது. 2011 கணக்கெடுப்பின்படி அது பட்டியல் சாதியினருக்கு 20 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1.1 விழுக்காடு. கலைப்பண்பாட்டுத் துறையும் தமிழ் வளர்ச்சித் துறையும் தங்கள் பங்கில் இத்தொகையை எதற்குச் செலவிடுகின்றன என்று இதுவரை நம் இயக்கங்கள் அழுத்திக் கேட்டதில்லை. விடுதி, கல்வி உதவித்தொகை, நிலம், வன்கொடுமை வழக்கு என்று அவசரமானவை வரிசையில் நிற்கும்போது கலை பின்னால் போய்விடுகிறது; புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்த வன்கொடுமைகளை நாடு பார்க்கச் செய்தது பல நேரங்களில் ஒரு படமும் ஒரு நாவலும்தான்.

ஆசிரியர் பணிக்கும் வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த ‘நடைமுறைப் பேராசிரியர்’ திட்டத்தில் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. துறை அனுபவமே தகுதி. 2023இல் வெளியிட்ட மற்றொரு வழிகாட்டுதல், கலைஞர்களையும் கைவினைஞர்களையும் உயர்கல்வி நிறுவனங்கள் உறைவிடக் கலைஞர்களாக அழைத்துக் கற்பிக்கச் செய்ய வழிவகுக்கிறது. முதல் திட்டம் தனியார் நிறுவன அதிகாரிகளைக் கல்லூரிக்குள் கொண்டுவரவும், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் இட ஒதுக்கீட்டைச் சுற்றிச் செல்லவும் பயன்படக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. அதே கதவின் வழியாக ஒரு பறை ஆசானும் ஒரு மிருதங்கம் செய்பவரும் பேராசிரியராக உள்ளே வர முடியும் என்பதும் உண்மை. கதவை யார் தட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள், தங்கள் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு அனுப்பலாம். இவ்விரு வழிகாட்டுதல்களின்படி இதுவரை யார் யார் அழைக்கப்பட்டனர், எத்துறைக்கு, என்ன ஊதியத்தில், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பறை, தெருக்கூத்து, கருவி செய்யும் கலை ஆகியவற்றுக்கு ஒருவரேனும் உண்டா என்று கேட்கலாம். கலைப்பண்பாட்டுத் துறைக்கு அனுப்பும் மனுவில், வளர்ச்சிச் செயல்திட்ட நிதியிலிருந்து கடந்த ஆண்டு எந்தக் கலைஞரின் கல்விக்கு எவ்வளவு செலவிடப்பட்டது என்று கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.